ஒன்பதாம் எண்ணின் கால்

அழகுத்தாய் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டுப் படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

மழை ஈரத்தில் எவ்வளவு பக்குவமாக இறங்குகிறாள் என்று சிவப்பிரகாஷ் மெச்சிக்கொண்டார். தான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று ஒரு பூரிப்பு வேறு.

அவர் டாக்டர்தான். ஊசி போடத் தெரியாத டாக்டர். சொந்த ஊரான பெருமாட்டியில் சொந்தக்காரர்கள் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் இன்றும் திருதிருவென்று விழிப்பார்.

விளையாட்டில் அறுந்துபோகும் தசைநாண்கள் எப்படிக் கூடுகின்றன என்று கோயமுத்தூரில் இருபத்திரண்டு வருடமாக ஆராய்ச்சி. கத்தி வேண்டாம், படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கினாலே நாண் கூடிவிடும் என்பது அவருடைய முறை. முதலில் முயல்களிடம் சோதித்தார். ஒரு முயலும் குறை சொல்லவில்லை.

பிறகு பதினான்கு மனிதர்கள். அதில் ஒன்பதாம் எண் அழகுத்தாய்.

நாலு வருடம் முன்பு, ஓணத்துக்கு நடந்த கயிறு இழுக்கும் போட்டியில் எஸ்டேட் பெண்கள் வடம் இழுத்தார்கள். கடைசி ஆளாகக் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நின்றவளுக்குக் குதிகாலுக்கு மேலே நாண் படாரென்று அறுந்தது. ஆறு மாதம் போனிலேயே பயிற்சி. அப்புறம் அவரே இங்கு வந்து, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தன் கையாலேயே ஸ்கேன் எடுத்தார். அறுந்த தடமே இல்லை! திரையைப் பார்த்து அவர் குதித்த குதியில் நர்ஸ் பயந்துபோனாள்.

அந்தப் படம் இல்லாமல் அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. வீட்டு ஃபிரிட்ஜில்கூட ஒட்டியிருந்தார்.

ஃபிரிட்ஜில் ஒட்டியது மகளுக்காக.

கல்லூரி வாலிபால் அணியில் ஆடிய தமிழ்ப்ரியாவுக்குப் பத்து மாதம் முன்பு அதே நாண் அறுந்தது. தைத்துவிடலாம் என்றார்கள், ஊசி போடத் தெரிந்த டாக்டர்கள். அப்பா விடவில்லை. இன்றுவரை அவளால் ஓர் அங்குலம் எம்ப முடியவில்லை. உங்கள் முறைதான் சரியில்லை என்றாள் அவள். நீ சோம்பேறி என்றார் இவர். அன்றைக்கே ஹாஸ்டலுக்குப் போனவள் பேச்சையே விட்டுவிட்டாள்.

முந்தாநாள் ஒரு செய்தி மட்டும் வந்தது. ஒன்பதாம் எண் ஒற்றைக் காலில் இருபது தடவை எம்பட்டும், வீடியோ காலில் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பெற்ற மகளின் வாயை மூட மனிதர் விடிவதற்கு முன் கிளம்பி, மறையூர் மலை ஏறி, மூணாறில் ஜீப் பிடித்து வந்து நிற்கிறார்.

வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்தார். திரையில் தமிழ்ப்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழகுத்தாய் சுவரில் ஒரு விரலை ஊன்றி, அவர் காட்டிய வலது காலில் நின்று எம்பினாள். ஒன்று, இரண்டு என்று அவர் சத்தமாக எண்ணினார். இருபது முடிந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. திரையில் மகளின் முகம் தொங்கிப்போயிற்று.

ஜெயித்தாயிற்று. அத்தோடு கிளம்பியிருக்கலாம். விஞ்ஞானியாயிற்றே, ஒப்பிட்டுக் காட்டாமல் அவருக்குச் சோறு இறங்குமா?

“இப்ப நல்ல காலுல ஒருக்கா பண்ணுங்க.”

அழகுத்தாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு இடது காலில் நின்றாள். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்தும் குதிகால் தரையை விட்டு எழும்பவில்லை.

“இந்தக் காலுதான சார் அன்னைக்கு அந்துபோனது? நீங்க ஸ்கேன் எடுக்க வந்தப்ப, டாக்டரு முன்னாடி இடது காலை நீட்டுனா மரியாதையா இருக்குமான்னு வலதை நீட்டுனேன். நீங்க பாத்துட்டு, சுத்தமாக் கூடிருச்சுன்னு சொன்னீக. அப்புறமும் மேடு ஏற மாட்டாமக் கெடக்கவும், நம்மதான் சோம்பேறி போலன்னு இருந்துட்டேன்.”

சிவப்பிரகாஷ் அவளுடைய இரண்டு குதிகால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஸ்கேன் எடுத்த அன்றைக்கு அவர் திரையைப் பார்த்தார். அளவைப் பார்த்தார். எந்தக் காலம்மா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு காலை வைத்து மூன்று நாட்டு மேடைகளில் கைதட்டு வாங்கியிருக்கிறார். நல்ல காலுக்குக் கிடைத்த கைதட்டு.

குடத்தில் சாய்ந்திருந்த போனைப் பார்த்தார். சிவப்புப் பொத்தானைத் தொட்டால் போதும். இந்த மலையில் சிக்னல் போவதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கை அந்தப் பக்கம் போகத்தான் செய்தது.

போன கை திரும்பி வந்தது. அவர் ஈரச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, அழகுத்தாயைப் படியில் உட்காரச் சொல்லி, அவளுடைய இடது பாதத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் பதறி உதறப் பார்த்தாள். அவர் விடவில்லை. குதிகாலுக்கு மேலே கட்டைவிரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கியது.

இதற்கு ஸ்கேன்கூட வேண்டியிருக்கவில்லை. நாலு வருடம் முன்பே ஒரு விரல் போதுமாயிருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

இடது பாதம் டாக்டர் மடியில் கிடக்கிற கொடுமையைத் தாங்காமல் அழகுத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

போனிலிருந்து தமிழ்ப்ரியாவின் குரல் வந்தது. எத்தனையோ வாரம் கழித்து அவள் அவரிடம் பேசினாள்.

“அப்பா, மொதல்ல அந்தக்கா காலெ உடுங்க, கூச்சத்துல நெளியறாங்க பாருங்க. அப்பறம் பொறப்பட்டு வந்து என்ற காலெப் பாருங்க.”

பத்து மாதத்தில் மகளின் காலையும் அவர் ஸ்கேன் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.