லேஸைக் கட்டு!

"மனுஷனா சார் நீங்க?"

மைதானத்துக்குள் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டாள் அக்கா. கையில், 'இனி இவளை ஓடவைக்க வேண்டாம்' என்று எழுதி அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம்.

"என் தங்கச்சிக்குக் கடுமையான ஆஸ்துமா. இந்த வருஷம் மட்டும் ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அவளைப் போய் ஓட விடறீங்க!"

பி.டி. சார் திரும்பவே இல்லை. பார்வை ஓடும் பிள்ளைகள் மேலேயே இருந்தது.

"டாக்டர் ஓடலாம்னுதாம்மா எழுதியிருக்கார்."

"'கவனமா'ன்னும் எழுதியிருக்கார். அந்த வார்த்தை மட்டும் கண்ணுல படலையா?"

"அவளுக்கு ஓட ஆசை."

"ஆசைப்பட்டா? அவளுக்குப் பதிலா நீங்க மூச்சு விடப் போறீங்களா? இவ இன்ஹேலரை எடுத்தாலே கிளாஸ் மொத்தமும் வேடிக்கை பார்க்கும். போன வருஷம் பசங்க வெச்ச பேரு என்ன தெரியுமா? 'விசில்'! ஒரு வாரம் ஸ்கூலுக்கே போகமாட்டேன்னுட்டா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா..."

பீப்ப்ப்! அவள் காதருகிலேயே விசிலை ஊதினார் சார்.

"எல்லாரும் நில்லு! லேஸைக் கட்டு!"

"ஐயோ சார், இப்பத்தானே கட்டினோம்!"

"லேஸ் சாருக்கு மறுபடி கிறுக்கு வந்துடுச்சுடா!"

முனகிக்கொண்டே வகுப்பு குனிந்தது.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் உசிரைப் பத்திப் பேசறேன். உங்களுக்கு லேஸ்தான் பெருசா?"

சார் காதிலேயே வாங்கவில்லை. "ஒருத்தனும் ஒழுங்காக் கட்டலை. அவுத்துட்டு மறுபடி கட்டு! எவனாவது தலை நிமிர்ந்தா இன்னும் ரெண்டு ரவுண்டு!"

"உங்களுக்கென்ன பைத்தியமா சார்? இதையே ஹெட்மாஸ்டர்கிட்ட..." என்றபடி மைதானத்தைப் பார்த்தவள், பாதியிலேயே நிறுத்தினாள்.

குனிந்த தலைகளுக்குப் பின்னால் தங்கை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஷூவில் லேஸே இல்லை, ஒட்டுகிற பட்டைதான். பாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். ஒரு இழுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சாரின் உதடு சத்தமில்லாமல் எண்ணியது. எட்டு, ஒன்பது, பத்து.

இன்னொரு இழுப்பு.

ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. அக்கா மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அப்படி வெறிச்சுப் பார்க்காதே. அவளுக்குப் பிடிக்காது," என்றார் சார், தணிந்த குரலில். "நீயும் குனி."

அக்காவின் காலில் கிடந்தது ரப்பர் செருப்பு.

குனிந்து, லேஸ் கட்டினாள்.