மூன்று மாதமாக எழுதாத நோட்டு

வலிப்பு வந்த தேதிகளைக் குறித்து வைத்து, தையல்காரர் நீட்டிய நோட்டைப் புரட்டப் புரட்ட டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மூளைப் படங்களை ஆராய்ந்து, உடம்புக்குள் வைத்து நரம்பைத் தூண்டும் மெஷின் இவருக்குக் கட்டாயம் பலன் தரும் என்று அடித்துச் சொன்னவர் அவர்தானே.

"மெஷின் வைக்கறதுக்கு முன்னாடி மாசம் பத்து, பன்னிரண்டு வந்திருக்கு. இந்த மூணு மாசமா ஒண்ணுகூட இல்லையே. உங்க வீட்டம்மாவை இனிமே பேனாவை மூடி வைக்கச் சொல்லுங்க. ஆமா, அவங்க எங்கே, வரலையா?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வலிப்பு வந்து போறது எனக்கே தெரியாது டாக்டர். பக்கத்துலயே இருந்து பாத்து, அவதான் எழுதுவா. மெஷின் வச்ச மறுவாரமே மாரடைப்புல போயிட்டா. இப்ப எனக்கு வலிப்பு வருதா இல்லையான்னு சொல்றதுக்கு வீட்டுல யாருமில்ல."