பத்துக்கு அரை

"படமாடி இது? பத்துக்கு அரை மார்க்குகூடத் தர மாட்டேன்!" தியேட்டரிலிருந்து திரும்பிய மாமியார் வாசலிலேயே கொதித்தாள்.

"ஊரே கொண்டாடுதே அத்தை" என்றாள் மருமகள்.

"ஊருக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு. அதுல வர்ற மாமியார், 'உங்கம்மா சோத்துல உப்பே போட்டதில்லையா'ன்னு மருமகளைக் கேக்குறா. மனுஷி பேசுற பேச்சா? ராட்சசி!"

மருமகள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"அது கிடக்கட்டும். இப்படிப் படம் எடுக்குற சினிமா கம்பெனியில நீ டைப் அடிச்சுக் கிழிச்சது போதும். நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே."

மருமகள் கணக்குப் போட்டாள். வேலையை விட்டால் நாள் முழுக்க இந்த வாய்க்கு எதிரில்தான்.

"நான் டைப் அடிக்கலை அத்தை. இந்தப் படத்துக்கு வசனம் எழுதினதே நான்தான்" என்றாள். "ஆனா, அந்த மாமியார் பேசுறதுல ஒரு வரிகூட என்னோடது இல்லை. எல்லாம் இந்த வீட்டுல நீங்க என்கிட்ட சொன்னதுதான்."