டல்லுக்கு வேற வார்த்தை

“ஏட்டி, டல், டிம், டிரியரி, பிளீக்… எல்லாத்துக்கும் மங்கல்னுதான அர்த்தம்?”

கோவில்பட்டியில் கலர் மத்தாப்பு கம்பெனி நடத்தும் லிங்கராஜ், மகள் இசக்கிசெல்வியிடம் மறுபடியும் ஒப்பித்தார்.

“ஆமாப்பா. ஏன் இப்படிப் பதறுதீங்க?”

“போன தடவ சரக்கு கேட்ட வெளிநாட்டுக்காரர் டிரியரின்னாரு. பாராட்டுதாருன்னு தேங்க்யூ சொல்லிட்டேன். ஆர்டர் போச்சு.”

புது ஆர்டருக்காக இன்னொரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து வீடியோ கால் வந்தது. லிங்கராஜ் ஒரு குச்சியை உரசிக் காட்டினார். பச்சைச் சுடர் எழுந்தது.

“வைப்ரன்ட்!” என்றார் வெளிநாட்டுக்காரர்.

லிங்கராஜுக்கு வியர்த்துவிட்டது. “சாரி சார், வெரி சாரி!” என்று இணைப்பைத் துண்டித்தார். “டல்லுக்கு இது புது வார்த்தையால்லா இருக்கு!”

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “கண்ணைப் பறிக்குதுன்னு சொன்னாருப்பா!”

“அதை ஏன் சொல்லித் தரல?”

“நீங்க கேக்கலியே!”

“நம்ம மத்தாப்பைப் போய் அப்படிச் சொல்லுவாவன்னு யாரு கண்டா?”