சூசையின் அலைவரிசை

கடலுக்குப் போகும் ஆண்களின் நெஞ்சில் வைத்த கருவி இதயத் துடிப்பைக் கரைக்கு அனுப்பும். அதைப் பிடித்துக் கேட்கத் தெருவுக்கே ஒரு ஸ்கேனர், ஜெனிட்டா வீட்டில். எல்லோருடைய அலைவரிசை எண்ணையும் அவள்தான் அதில் பதிந்து வைத்திருந்தாள். துடிப்பு கேட்கும் எண்ணில் அது சற்று நின்று, பிறகு அடுத்ததற்குப் போகும்.

அன்று மாடியில் புது ஆன்டெனா கட்டிய பிறகுதான் தொலைவிலிருந்த அவள் கணவனின் துடிப்பு மெலிதாகக் கேட்டது. ஆனால் ஸ்கேனர் பக்கத்து வீட்டுச் சூசையின் எண்ணிலேயே போய்ப் போய் நின்றது. தாறுமாறான தடதடப்பு. இரைச்சல் என்று நினைத்து, எரிச்சலில் அந்த எண்ணை மட்டும் நீக்கிவிட்டாள்.

மதியம் சூசையின் மனைவி பிலோமி புட்டோடு வந்தாள்.

"காலையில நெஞ்சு படபடங்குதுன்னாக, மயினி. நீங்க கேட்டுக்கிட்டு இருப்பீகன்னுதான் கடலுக்கு அனுப்பி வச்சேன். வைங்க, நானும் கேக்கேன்."

ஜெனிட்டா அவசரமாக அந்த எண்ணைத் திரும்பச் சேர்த்தாள். ஸ்கேனர் அதில் நிற்காமல் கடந்தது. மறுசுற்றிலும் நிற்கவில்லை. அவள் கணவனின் எண்ணில்தான் நின்றது.

பிலோமி காதை வைத்துக் கேட்டாள். "இது அவுகதான? நல்லாத்தான் அடிக்குது."

ஜெனிட்டா புட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.