மூன்றாவது கணு

அன்று பனி முழங்கால் வரை இருந்ததா, அதற்கும் மேலா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. மார்ச் மாதம் என்றுதான் நினைக்கிறேன். குன்வோர் பேசியதில் சில வார்த்தைகளை நானே பின்னால் சேர்த்திருக்கலாம்.

கிளை வெட்டும் கத்தரி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில் வாயைத் திறந்தபடி நின்றது.

குன்வோர் ஓஸ்லோவிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். பனிச்சறுக்குக் கட்டைகளில் வேகத்துக்காகத் தேய்க்கும் ஃப்ளோரின் மெழுகு பனியில் உதிர்கிறது, காற்றில் பறக்கிறது, மட்குவதே இல்லை. மரங்களின் ஊசியிலைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

கீழே ஏரிக்கரையில் பன்னிரண்டு வீட்டுக் கிணறுகள். அவற்றை மூடுவதா வேண்டாமா என்பதை அவள் சேகரிக்கும் ஊசியிலைகள்தான் சொல்ல வேண்டும்.

பனிச்சறுக்குப் பந்தய மைதானத்தைச் சுற்றி முப்பது மரங்களில் கிளை வெட்டியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க, மெழுகே படாத ஒரு மரம் வேண்டும். அதற்காக மேலே ஏறி வந்திருந்தோம். மழைக்கோட்டிலும் அதே ரசாயனம் இருக்கும் என்பதால் இருவருக்கும் பழைய கம்பளிச் சட்டை.

வரைபடத்தில் அவளே விரல் வைத்துத் தேர்ந்தெடுத்த இடம். தடமில்லை, சாலையில்லை, வீடில்லை.

பைகளைச் சுமந்துகொண்டு நான் அவள் பின்னால் வந்தேன்.

இருபத்திரண்டு வருடம் நான் ஒரு பனிச்சறுக்கு அணிக்குக் கட்டைகளில் மெழுகு பூசும் மெழுகுக்காரனாக இருந்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு மறைவான சரிவு உண்டு. இரண்டு கட்டைகளில் இரண்டு மெழுகு பூசி, எது அதிக தூரம் போகிறது என்று பிற அணிகளின் கண்ணில் படாமல் பார்க்கும் இடம். மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டோம்.

அவள் சுத்தம் என்று நினைத்த மரம் என் சரிவின் அடியில் நின்றது.

“வேற மரம் பாக்கலாமே,” என்றேன்.

“ஏன் தூர்லைஃப், இது உனக்குச் சொந்தக்கார மரமா?”

அவள் சிரித்தாள். கத்தரி கிளையிலேயே இருந்தது.

இதைச் சுத்தம் என்று எழுதினால், இதிலும் அதே ரசாயனம் இருப்பதால் வித்தியாசம் தெரியாது, மைதானத்து மரங்கள் குற்றமற்றவை ஆகிவிடும். கிணறுகள் திறந்தே கிடக்கும். வேறு மரத்தைக் காட்டினால், இந்தச் சரிவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே உருகும் பனியும் ஓடை வழியாக அதே ஏரிக்குத்தான் போகிறது.

“வெட்டு. ஆனா சுத்தம்னு எழுதாத.”

காரணத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கிளையை வெட்டி உள்ளங்கையில் வைத்து நுனியிலிருந்து எண்ணினாள். அந்த மரத்துக்கு ஒவ்வொரு கோடைக்கும் ஒரு கணு.

“எந்தக் கணுவோட பூசுறத நிறுத்தின? காட்டு.”

பந்தயங்களில் ஃப்ளோரின் மெழுகைத் தடை செய்து அது நான்காவது குளிர்காலம். தடைக்கு முந்தைய கடைசிக் குளிர்காலத்தில் மரத்தில் இருந்தவற்றில் இளையது ஐந்தாவது கணு. அதைக் காட்டியிருந்தால் ஒரு தவறும் இல்லை. அன்று எல்லோரும் பூசியதுதான்.

மூன்றாவது கணுவில் நகத்தை வைத்தேன்.

குன்வோர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தடைக்குப் பிறகு முளைத்த ஊசியிலைகள் அவை.

தடைக்குப் பின் இரண்டு குளிர்காலம் பூசினேன். முடிவுக்கோட்டில் கருவி வைத்துச் சோதிப்பார்கள். அதற்குள் தேய்ந்துபோகும் அளவுக்கு மெல்லிசாக. இரண்டு முறையும் நான் மெழுகு பூசிக் கொடுத்த வீராங்கனைதான் கோப்பை வாங்கினாள்.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இதை நான் எழுதியாகணும்.”

“அதுக்குத்தான் சொன்னேன்.”

அவள் பென்சிலால் பையில் எழுதினாள். முடிக்கும்வரை கிளையை நான் பிடித்துக்கொண்டேன். இதுவாவது எனக்குச் சரியாக நினைவிருக்கிறது.

பன்னிரண்டு கிணறுகளும் மூடப்பட்டன. லாரியில் தண்ணீர் வருகிறது. குன்வோர் இப்போது வேறொரு பள்ளத்தாக்கில் மரங்களை எண்ணுகிறாள். என் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள், மர அறுவை ஆலையில் வேலை செய்கிறேன். வீராங்கனை ரக்னா இரண்டு கோப்பைகளையும் திருப்பி அனுப்பினாள். மூடிய கிணறுகளில் ஏழாவது அவளுடையது. அந்த மார்ச்சில் அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. பையன் பிறந்தான், நன்றாக இருக்கிறான் என்று என் மனைவி சொன்னாள். ரக்னா என் மகள், இன்னும் என்னோடு பேசவில்லை.