யார் சொன்ன வசனம்

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தாவில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னல்வரை போய்த் திரும்பினான். கையிலிருந்த வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

ஒரு வசனம் வேண்டும். மூடியிருந்த அந்த அறைக்குள் படுத்திருப்பவளிடம் சொல்ல ஒரே ஒரு வசனம்.

விடியும்போது அவளுக்குக் குழந்தை பிறந்தது. குழந்தை அழவில்லை.

அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'வசனப்பெட்டி'. யாருக்கு என்ன கஷ்டமென்றாலும் அதற்குத் தோதான ஒரு வசனம் அவன் நாக்கு நுனியில் இருக்கும். வேலை போனவனுக்கு ஒன்று, காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஒன்று. ஒரு முறை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறிய ஒரு அம்மாளுக்குக் கதவிடுக்கு வழியாகவே வசனம் சொல்லித் தேற்றப் பார்த்தான்.

"முதல்ல கதவைத் திறப்பா!" என்று அந்த அம்மாள் கத்தியதைச் சபையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

வருஷம் தவறாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்துவிடுகிறவன். இன்றைக்கென்று ஒன்றும் வாய்க்கவில்லை. எடுத்ததையெல்லாம் மனசு வேண்டாமென்று தள்ளியது. வராந்தாக் கோடியில் லிஃப்ட் கதவு மூடும்போதெல்லாம் ஒரு உதறு உதறியது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் ஸ்பேனரோடு போய் நின்றிருப்பான்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு அமோகமாக இருக்கும் என்கிற வசனம். காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் பார்த்துப் பார்த்து மனப்பாடமானது. எத்தனை கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான்! இதுதான் சரி. இதைச் சொல்லிவிட்டால் போதும்.

ஒரு வார்த்தைகூடப் பிசகிவிடக் கூடாதே என்று பக்கத்தைத் தேடி எடுத்தான். யோபுவின் புத்தகம். அவசரத்தில் கண் சில வரி மேலே போய் விழுந்தது.

உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலன்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அங்கே இப்படி இருந்தது.

திரும்பவும் படித்தான். யார் சொல்வது இது? யாரிடம்?

பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பன் யோபுவிடம், ஆறுதல் சொல்ல வந்த நண்பன் சொல்கிறான். செத்த பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கிய கையோடு, நீ ஒழுங்காக இருந்தால் உன் முடிவு அமோகமாக இருக்கும் என்கிறான். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வதும் இந்த நண்பர்கள் மேல்தான். என்னைப் பற்றி நீங்கள் பேசியது சரியில்லை என்கிறார்.

அவனுக்குக் காதெல்லாம் சூடானது. வருஷா வருஷம் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறானே, எதைப் படித்தான்?

பக்கங்களைப் பின்னால் தள்ளினான். அந்த நண்பர்கள் வந்து சேர்ந்த இடம். தூரத்திலேயே யோபுவைப் பார்த்துச் சத்தம்போட்டு அழுகிறார்கள். வந்து அவனோடு தரையில் உட்காருகிறார்கள். அவனுடைய துக்கம் அவ்வளவு பெரியது என்று கண்டு, ஏழு நாள் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அதோட நிறுத்தியிருக்கலாமேடா!" வாய்விட்டே சொல்லிவிட்டான்.

அப்போதுதான் வேலைக்கு வந்து மேசைமுன் உட்கார்ந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "சபையிலேர்ந்து வந்திருக்கீங்களா அண்ணே? ஜெபம் பண்ணணும்னா சாயங்காலம் வாங்க. இப்ப வீட்டுக்காரங்க மட்டும்தான் உள்ள போலாம்."

அவள்மேல் தப்பில்லை. புத்தகமும் கையுமாகக் கதவுக்கு வெளியே நிற்கிறவனை வேறு என்னவென்று நினைப்பாள்?

புத்தகத்தை மூடினான்.

"நான்தாம்மா அவ வீட்டுக்காரன்."

நர்ஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

கதவைத் தள்ளினான். மனைவி சுவர்ப் பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் தோள் லேசாக இறுகியது. வசனம் வரப்போகிறது என்று நினைக்கிறாள்.

கட்டிலோரம் நாற்காலி கிடந்தது. அவன் தரையில் உட்கார்ந்தான். ஈரம் காயாத, மருந்து வாசனை அடிக்கிற தரை. எதையாவது சொல் சொல் என்று நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு அதற்கும் தேவையில்லாமல் போயிற்று. அழுகை வந்துவிட்டது.

அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, நீங்க அவளைப் பாத்தீங்களா?"

காலையிலிருந்து அவன் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அதை மட்டும் செய்யவில்லை.

"இல்ல" என்றான்.

அவள் கையை ஊன்றிக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில், வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தை இருந்தது. தலை நிறைய முடி.